ஓய்ந்த செயலியும் விழிக்கும் காலமும்

யந்திரங்களின் உழைப்பை ஆராய்ந்தோர் பலர். அவற்றின் ஓய்வை ஆராய்ந்தோர் மிகச் சிலரே. ஒரு கணினியை வாங்கப் புகுவோன், அஃது எத்துணை விரைவில் வேலை செய்யும் என்று கேட்கின்றான். வேலை யாதும் இல்லாதபோது அஃது என் செய்யும் என்று கேட்பதில்லை. ஆயினும் நம் மேசைமேல் இருக்கும் கணினி தன் பொழுதிற் பெரும்பகுதியை அடுத்த கட்டளையை எதிர்நோக்கியே கழிக்கின்றது. நாம் ஓர் எழுத்தைத் தட்டி மறு எழுத்தைத் தட்டுவதற்குள், அதன் செயலிக்குக் கோடிக்கணக்கான கணக்குகளைச் செய்து முடிக்கத்தக்க காலம் வீணே கிடக்கின்றது. அவ்விடைக்காலத்தில் அஃது உறங்க வேண்டுமா, விழித்திருக்க வேண்டுமா? உறங்கின் எவ்வளவு ஆழமாக உறங்கலாம்? விழித்திருப்பின் எவ்வளவு நேரம் விழித்திருக்கலாம்? இவ்வினாக்கள் சிறியனபோல் தோன்றும், ஆராய்ந்தால் பெரியனவாம்.

ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை வாழவைக்கும் ‘ஹைபர்வைசர்’ என்னும் மென்பொருளில் இவ்வினா இன்னும் சிக்கலாகின்றது. அங்கே விழித்துக் காத்திருக்கும் கால அளவை நிலையான ஓர் எண்ணாகப் பதித்துவிடாமல், வேலையின் இயல்புக்கு ஏற்ப ஏற்றவும் குறைக்கவும் இயலுமாறு அமைத்தது எங்ஙனம், ஏன் என்பதை நம் கல்லூரி மாணாக்கர்க்கு விளங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. செயலியின் உறக்கம்

செயலி என்பது ஆணைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும் உறுப்பு. ஆணை இல்லாதபோது அதனை வெறுஞ்சுழலில் ஓடவிடுதல் ஒரு வழி. அங்ஙனம் ஓடுங்கால், செக்கிலே எள் இடாமல் மாட்டைச் சுற்றவிட்டாற் போல, பயன் இல்லாமலே மின்சாரம் செலவாகும், வெப்பமும் மிகும். ஆதலின் இன்டெல் வழிவந்த செயலிகளில் ‘ஹால்ட்’ என்றோர் ஆணை அமைந்துள்ளது. அதனைப் பெற்ற செயலி அந்நிலையிலேயே நின்றுவிடும். விசைப்பலகையிலிருந்தோ, நெட்வொர்க் அட்டையிலிருந்தோ, டைமரிலிருந்தோ ஓர் இடையீட்டு அழைப்பு வந்தால் மட்டுமே மீண்டும் எழும்.

உறக்கத்திலும் படிகள் உண்டு. திண்ணையில் கண்ணயர்வது ஒன்று. கதவடைத்துப் போர்த்துக்கொண்டு உறங்குவது மற்றொன்று. மேலோட்டமான படியில் செயலியின் கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கும். ஆழ்ந்த படிகளில் அதன் உள்நினைவகத்தில் உள்ளவை வெளியேற்றப்பட்டு, மின்னழுத்தமே குறைக்கப்படும். ஆழம் மிகுந்தோறும் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் எழுந்துவரும் நேரமும் நீளும். முதற்படியிலிருந்து எழுவதற்கு ஓரிரு மைக்ரோ விநாடி போதும். ஆழ்ந்த படியிலிருந்து எழுவதற்கு நூறு மைக்ரோ விநாடிக்கு மேலும் ஆகலாம். ஒரு மைக்ரோ விநாடியாவது ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பகுத்ததில் ஒரு பகுதி என்பதையும், அதனை மேலும் ஆயிரமாகப் பகுத்தது நானோ விநாடி என்பதையும் மாணாக்கர் நினைவிற் கொள்க.

எப்படியைத் தேர்வது என்பதைத் தீர்மானிக்க லினக்ஸ் கெர்னலில் தனியொரு பகுதி உளது. அதனை விளக்கி வெங்கடேஷ் பல்லிபாடியும் அவர்தம் தோழர் இருவரும் 2007-ஆம் ஆண்டு ஒட்டாவா நகரில் கூடிய லினக்ஸ் அறிஞர் பேரவையில் ஒரு கட்டுரை அளித்தனர். ‘ஒன்றும் செய்யாதிரு, ஆனால் திறம்படச் செய்யாதிரு’ என்னும் கருத்தமைந்தது அதன் தலைப்பு. நகைச்சுவைபோல் தோன்றினும் பொருள் ஆழமுடைய தலைப்பு அது. 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24 பதிப்பில் அப்பகுதி சேர்க்கப்பட்டது.

2. ஒரு வீட்டிற் பல குடிகள்

இனி ஹைபர்வைசர் யாதெனக் காண்போம். பெரிய வீடொன்றைப் பல குடித்தனங்களாகப் பிரித்து, ஒவ்வொரு குடியினரும் ‘இஃது எம் தனிவீடே’ என்று எண்ணி வாழுமாறு செய்தால் எப்படியோ, அப்படியே ஒரு மெய்யான கணினியைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பகுத்துக் கொடுப்பது ஹைபர்வைசர். இக்கருத்து புதியதன்று. 1972-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட வி.எம்./370 இதனை வணிகர்க்கும் அளித்தது. பின்னர் 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸென் என்பது வெளிவந்தது. 2006-இல் அவி கிவிட்டி என்பார் கே.வி.எம். என்னும் ஹைபர்வைசரை அறிவித்தார்; 2007 பிப்ரவரியில் அது லினக்ஸ் கெர்னலின் 2.6.20 பதிப்பிலேயே இடம்பெற்றது. இக்கட்டுரையில் யாம் எடுத்துக்கொண்டது இக் கே.வி.எம். ஆகும்.

கே.வி.எம்.-இல் ஒவ்வொரு மெய்நிகர் செயலியும், லினக்ஸின் பார்வையில், வரிசையில் நிற்கும் பல வேலைகளுள் ஒரு வேலையே. உள்ளிருக்கும் மெய்நிகர் கணினி தனக்கு வேலை இல்லை என்று கண்டு ‘ஹால்ட்’ ஆணையை இடுகின்றது. மெய்யான செயலியை உண்மையாகவே நிறுத்தும் உரிமையை அதற்குக் கொடுத்தால், அச்செயலியை வேறு குடியினர்க்குக் கொடுக்க இயலாது. ஆகவே அவ்வாணை பிறந்தவுடன் ஆட்சி ஹைபர்வைசரின் கைக்குத் திரும்புகின்றது. அது, ‘இம்மெய்நிகர் செயலி உறங்கிற்று’ என்று குறித்துக்கொண்டு, காத்திருக்கும் மற்றொரு வேலைக்கு இடம் கொடுக்கின்றது. வேறு வேலையும் இல்லையாயின் மெய்யான செயலியையும் உறங்கவிடுகின்றது.

ஆக, இங்கே இரண்டு உறக்கங்கள் உள: உள்ளிருப்பது உறங்குவது ஒன்று, அதனைத் தாங்குவது உறங்குவது மற்றொன்று. எழுப்பும்போதும் இரண்டையும் எழுப்பவேண்டும். இதுவே சிக்கலின் வேர்.

3. எழுப்பும் வழியின் நீளம்

உறங்கும் மெய்நிகர் கணினிக்கு நெட்வொர்க் வழியாக ஒரு செய்தி வருகின்றது எனக் கொள்வோம். முதலாவது, மெய்யான செயலி தன் உறக்கப் படியிலிருந்து எழவேண்டும். இரண்டாவது, செய்தி யாருக்கு உரியது என்று கெர்னல் ஆராய்ந்து, உறங்கும் மெய்நிகர் செயலியை மீண்டும் வரிசையிற் சேர்க்கவேண்டும். மூன்றாவது, அதன் முறை வந்ததும் வேலை மாற்றம் நிகழவேண்டும். நான்காவது, ஹைபர்வைசர் அதனை உள்ளே அனுப்பி, அழைப்பு வந்ததை அறிவிக்கவேண்டும். ஐந்தாவது, வெளியேற்றப்பட்ட உள்நினைவகம் மீண்டும் நிரம்பவேண்டும்.

இவை ஒவ்வொன்றும் சில மைக்ரோ விநாடியே கொள்ளும். ஒருமுறை நிகழ்ந்தால் மனிதர் யாரும் உணரார். ஆனால் இக்காலத்து மென்பொருள்கள் ஒன்றையொன்று கேட்டும் விடையளித்தும் வாழ்வன. ஒரு பக்கத்தைக் காட்டுவதற்குத் தரவுத்தளத்தை 500 முறை, ஒரு வினாவின் விடை வந்த பின்னரே மறுவினாவென, கேட்கும் நிரல் ஒன்றைக் கற்பனை செய்வோம். ஒவ்வொரு வினாவிற்கும் எழுப்பும் நேரம் 20 மைக்ரோ விநாடி கூடினால், மொத்தத்தில் 10,000 மைக்ரோ விநாடி, அஃதாவது 10 மில்லி விநாடி, உறக்கம் கலைப்பதிலேயே கழியும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது காலத்திற்கும் பொருந்தும்.

இவ்விடத்தில் வியப்பான ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். வேலை மிகுந்து எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினிக்கு இத்துன்பம் இல்லை. அஃது உறங்குவதே இல்லையன்றோ? நெடுநேரம் சும்மாயிருக்கும் கணினிக்கும் இது பெரிதன்று. நெடுநேரத்திற்கு ஒருமுறை எழுவதில் சிறு தாமதம் பொருட்டாகாது. சிறிது வேலை, சிறிது ஓய்வு, மீண்டும் சிறிது வேலை என்று மாறி மாறி இயங்குவதற்கே இத்தாமதம் பெருங்கேடாகின்றது.

4. ஆலங்குளத்து உழவனும் மும்முனை மின்சாரமும்

இதற்குத் தீர்வு யாது? திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஆலங்குளத்தை நம் மாணாக்கர் பலர் அறிவர். அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் கிணற்றுப் பாசனத்தை நம்பித் தக்காளியும் மிளகாயும் பயிரிடுவோர் மிகுதி. கிணற்று மோட்டாரை இயக்க மும்முனை மின்சாரம் வேண்டும். அது நாள் முழுதும் வருவதன்று. வரும் வேளையும் சில நாட்களில் முன்பின்னாகும். மின்சாரம் வந்த உடனே மோட்டாரைப் போட்டால்தான் கடைசிப் பாத்திக்கும் நீர் பாயும்.

இரவில் நீர் பாய்ச்ச வேண்டிய உழவன் ஒருவன் என் செய்வான்? கிணற்றடியிலேயே விழித்துக் காத்திருக்கலாம். மின்சாரம் வந்த நொடியே மோட்டாரைப் போடலாம். ஆனால் அவன் உறக்கம் கெடும். அல்லது வீட்டிற்குச் சென்று உறங்கலாம். அப்பொழுது மின்சாரம் வந்தபின் யாரேனும் எழுப்ப, எழுந்து, விளக்கை எடுத்துக்கொண்டு வரப்பு வழியே நடந்து வருவதற்குள் பொழுது வீணாகும். மின்சாரம் இன்னும் ஐந்து நிமிடத்தில் வருமென்று தெரிந்தால் காத்திருப்பான். நான்கு மணி நேரம் ஆகுமென்று தெரிந்தால் வீட்டிற்குப் போவான். தெரியாதபோதுதான் துன்பம்.

இத்துன்பத்திற்குக் கணித நூலார் எளிய விதியொன்று கூறுவர். வீட்டிற்குச் சென்று திரும்பி வருவதால் விளையும் இழப்பு, அரைமணி நேரம் கண்விழிப்பதால் விளையும் இழப்பிற்குச் சமம் என்று வைத்துக்கொள்க. உழவன் சரியாக அரைமணி நேரம் கிணற்றடியிற் காத்திருக்கட்டும். அதற்குள் மின்சாரம் வாராவிடின் வீட்டிற்குப் போகட்டும். இதன் பயன் பாரீர். மின்சாரம் அரைமணிக்குள் வந்தால் அவன் செய்ததே மிகச் சிறந்த செயல். அதனினும் குறைந்த இழப்பு யாருக்கும் இயலாது. அரைமணிக்குப் பின் வந்தால், காத்திருந்த அரைமணியும் வீட்டிற்குச் சென்று திரும்பிய இழப்பும் சேர்ந்து இருமடங்காகும். வருங்காலம் அறிந்த முனிவனேயாயினும் அவ்விரவில் ஒரு மடங்கு இழந்தே தீர்வான். ஆகவே எதிர்காலம் அறியாத உழவன், எந்த இரவிலும், முனிவனைவிட இருமடங்கிற்கு மேல் இழப்பதில்லை.

நிலையான ஒரே கால அளவைக் கொள்ளும் விதி எதுவும் இதனினும் நல்ல உறுதியைத் தர இயலாது என்பதையும் மெய்ப்பிக்கலாம். மாணாக்கர் முயன்று பார்க்க. காத்திருக்கும் அளவைக் குடவோலை எடுப்பதுபோல் தக்க முறையிலே மாற்றி மாற்றிக் கொண்டால், சராசரி இழப்பு ஏறத்தாழ 1.58 மடங்காகக் குறையும் என்று கார்லின் முதலிய கணினி அறிஞர் 1990-இல் நிறுவினர்.

5. 2015-இல் வந்த மாற்றம்

இவ்வுழவனின் வழியையே கே.வி.எம். மேற்கொண்டது. உள்ளிருக்கும் கணினி ‘ஹால்ட்’ ஆணை இட்டவுடன் அதனை உறக்க வரிசைக்கு அனுப்பாமல், சிறிது நேரம் விழித்திருந்து ‘அழைப்பு வந்ததா, வந்ததா’ என்று ஹைபர்வைசரே நோக்கிக்கொண்டிருக்கும். அதற்குள் அழைப்பு வந்தால், முன்னே யாம் எண்ணிக் காட்டிய ஐந்து படிகளுள் பெரும்பாலானவை இல்லாமலே மெய்நிகர் கணினி உடனே ஓடத்தொடங்கும். வாராவிடின் வழக்கம்போல் உறங்கச் செல்லும். இதனை ‘ஹால்ட் போலிங்’ என்பர். யாம் இதனை ‘விழித்துக் காத்தல்’ என்று வழங்குவோம்.

இதனைக் கே.வி.எம்.-இன் பராமரிப்பாளரான பாவ்லோ பொன்சீனி 2015-ஆம் ஆண்டு லினக்ஸ் 4.0 பதிப்பிற் சேர்த்தார். எத்துணை நானோ விநாடி விழித்திருக்க வேண்டும் என்பதை நிரலுக்குள் புதைத்துவிடாமல், கணினியை ஆள்வோர் எழுதி மாற்றத்தக்க ஓர் அளவாக அவர் வெளியே வைத்தது குறிப்பிடத்தக்கது. அவ்வளவைச் சுழி என்று எழுதினால் விழித்துக் காத்தல் அறவே நிற்கும். கணினியை நிறுத்தித் தொடங்கவேண்டும் என்பதும் இல்லை.

வேறு நிறுவனத்தாரும் இத்தேவையை உணர்ந்திருந்தனர். வி.எம்.வேர் நிறுவனத்தார் 2013-இல் வெளியிட்ட வி.ஸ்பியர் 5.5 பதிப்பில், தாமதம் பொறாத மெய்நிகர் கணினி இன்னது என்று தனியே குறிக்கும் வசதியை அமைத்தனர்.

6. தானே பழகும் அளவு

ஆயினும் ஒரு குறை எஞ்சிற்று. ஓர் அளவை எழுதிவிட்டால், எல்லா மெய்நிகர் செயலிகளும் எக்காலத்தும் அவ்வளவே விழித்திருக்கும். இரவெல்லாம் சும்மாயிருக்கும் கணினியும், ஒவ்வொரு சிறு துடிப்பிற்கும் எழுந்து, மீண்டும் உறங்குமுன் அவ்வளவு நேரமும் வீணே விழித்திருக்கும். ஆகவே அதே 2015-ஆம் ஆண்டில், ஒவ்வொரு மெய்நிகர் செயலியும் தன் அனுபவத்தைக் கொண்டு தன் அளவைத் தானே ஏற்றிக் குறைத்துக்கொள்ளும் முறை சேர்க்கப்பட்டது. ஆள்வோர் எழுதும் எண் இப்போது உச்சவரம்பு ஆயிற்று. இன்டெல் வழிச் செயலிகளுக்கு அவ்வரம்பு, மாற்றப்படாவிடின், 200,000 நானோ விநாடி. அஃதாவது 200 மைக்ரோ விநாடி.

அதன் விதி மூன்றே. விழித்திருக்கும்போதே அழைப்பு வந்துவிட்டால் அளவு மாறாது, உள்ளதே போதுமானதாயிற்று. விழிப்பு முடிந்து உறங்கியபின், உச்சவரம்பிற்குள்ளாகவே அழைப்பு வந்தால், ‘இன்னும் சற்றுக் காத்திருக்கலாமே’ என்று அளவு வளரும். உச்சவரம்பையும் கடந்து நெடுநேரம் உறங்கியபின் அழைப்பு வந்தால், ‘காத்திருந்தது வீண்’ என்று அளவு குறையும். வளரும்போது 10 மைக்ரோ விநாடியில் தொடங்கி ஒவ்வொரு முறையும் இருமடங்காகும். எதிலே தொடங்குவது, எத்தனை மடங்கு வளர்வது, எவ்வளவு குறைவது என்னும் மூன்றும் தனித்தனியே மாற்றத்தக்கன.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவோம். ஒரு மெய்நிகர் செயலி ஓயும்போதெல்லாம் 70 மைக்ரோ விநாடி கழித்து அழைப்பு வருகின்றது எனக் கொள்க. தொடக்கத்தில் அதன் அளவு சுழி. முதல் உறக்கத்தின் பின் அளவு 10, அடுத்து 20, அடுத்து 40, அடுத்து 80. ஐந்தாம் முறையில் 70 என்பது 80-க்குள் அடங்குவதால் விழித்திருக்கும்போதே அழைப்பு கிட்டும். அதன்பின் அளவு 80-லேயே நிற்கும். பின்னொரு நேரத்தில் வேலை ஓய்ந்து 5,000 மைக்ரோ விநாடி உறங்க நேர்ந்தால், அது 200-ஐக் கடந்ததாகையால் அளவு குறைக்கப்படும். குறைக்கும் எண்ணைச் சுழியாக வைத்திருந்தால் ஒரேயடியாகச் சுழிக்கு வீழும். இரண்டாக வைத்திருந்தால் 80 என்பது 40 ஆகும்.

இதன் நுட்பம் யாதெனின், வருங்காலத்தை அறியும் ஆற்றல் இல்லாத நிரல், சென்றகாலத்தைக் கொண்டு அதனை ஊகிக்கின்றது. நேற்று மின்சாரம் எப்போது வந்தது என்று நினைவிற் கொண்டு இன்று காத்திருக்கும் உழவனும் இவ்வண்ணமே செய்கின்றான்.

7. எல்லார்க்கும் ஓரளவு போதாமை

மேற்கூறிய அளவுகள் ஒரு மெய்யான கணினி முழுமைக்கும் பொதுவானவை. ஆனால் அதிற் குடியிருப்போர் ஒருபடித்தானவர் அல்லர். ஒரு மெய்நிகர் கணினி பணப்பரிமாற்றத்திற்கு உரியதாய் இருக்கலாம். அதற்குத் தாமதம் ஆகாது. மற்றொன்று இரவில் ஒருமுறை கணக்கைத் தொகுப்பதாய் இருக்கலாம். அதற்கு விழிப்பு வீண். ஆகவே 2020-இல் வெளிவந்த லினக்ஸ் 5.8 பதிப்பில், ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் உச்சவரம்பைத் தனித்தனியே வகுக்கும் வழி சேர்க்கப்பட்டது.

அதற்கு முன்னரே, 2019-இல் லினக்ஸ் 5.4 பதிப்பில், உள்ளிருக்கும் கணினியே ‘ஹால்ட்’ ஆணையை இடுமுன் தான் சிறிது விழித்திருக்கும் முறை வந்தது. அதன் நன்மை, ஹைபர்வைசரிடம் ஆட்சி சென்று திரும்பும் செலவும் மிச்சமாவது. அதன் தீமை, உள்ளே நிகழ்வது வெறும் காத்திருப்பா உண்மையான வேலையா என்பது வெளியிலிருக்கும் ஹைபர்வைசருக்குத் தெரியாமற் போவது. இருவரும் விழித்திருந்தால் இரட்டைச் செலவாகும் ஆதலின், உள்ளிருப்பது விழிக்கும்போது வெளியிலுள்ளது விழிக்காமல் இருக்குமாறு தம்முள் அறிவித்துக்கொள்ளும் ஏற்பாடும் செய்யப்பட்டது.

மெய்யான செயலி ஒன்று ஒரே குடிக்கென்று முற்றும் ஒதுக்கப்பட்டிருந்தால் மூன்றாவது வழியும் உண்டு. 2018 முதல், அத்தகைய குடிக்கு மெய்யான ‘ஹால்ட்’ ஆணையையே நேரே இடும் உரிமையைக் கொடுக்கலாம். பங்கிட வேறொருவர் இல்லாதபோது இடைநிற்பவரும் வேண்டாமன்றோ? கைப்பேசி வழியே வீட்டிலிருந்து மோட்டாரைப் போடும் கருவியை வாங்கிய உழவன், காத்திருப்பதா உறங்குவதா என்னும் வினாவையே ஒழித்துவிட்டான். எழுப்பும் செலவைக் குறைப்பதும் ஒரு தீர்வே என்பதற்கு அவனே சான்று.

டைமரைப் பற்றியும் ஒரு சொல். உள்ளிருக்கும் கணினி ‘இன்ன நேரத்தில் என்னை எழுப்புக’ என்று கேட்டால், சரியாக அந்நேரத்தில் எழுப்பத் தொடங்கினால் அஃது எழுந்து நிற்பதற்குள் நேரம் கடந்துவிடும். ஆகவே எழுப்பும் செலவின் அளவு முன்னதாகவே டைமரை ஒலிக்கச் செய்யும் அமைப்பும் கே.வி.எம்.-இல் உளது. விடியற்காலைப் பேருந்திற்குப் புறப்படுவோன் பேருந்து வரும் நேரத்திற்கா கடிகார மணியைத் திருப்பி வைக்கின்றான்?

8. விழிப்பின் விலை

இதுவரை விழிப்பின் நன்மையைக் கூறினோம்; இனி அதன் விலையைக் கூறாதொழிதல் நேர்மையன்று.

முதலாவது விலை மின்சாரம். விழித்துக் காத்திருக்கும் செயலி, வேலை செய்யும் செயலியைப் போன்றே மின்சாரத்தை உண்ணும். உச்சவரம்பை எண்ணாது உயர்த்தினால் விளையும் தீங்கிற்கு ஓர் உதாரணம்: ஒரு மெய்நிகர் கணினி 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை எழுந்து மிகச் சிறிய வேலையொன்றைச் செய்து மீண்டும் ஓய்கின்றது. ஒருவர், ‘விரைவு நல்லதுதானே’ என்று உச்சவரம்பை 2 மில்லி விநாடியாக வைத்துவிட்டார். அப்போது ஒவ்வொரு ஓய்வும் வரம்பிற்குள் அடங்கும். அளவு வளர்ந்து வளர்ந்து ஓய்வு முழுவதையும் விழிப்பே விழுங்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் சும்மாயிருக்க வேண்டிய செயலி, நூற்றுக்கு நூறு உழைப்பதாகக் காணப்படும். வரம்பு 200 மைக்ரோ விநாடியாக இருந்திருந்தால் அவ்வோய்வெல்லாம் உறக்கமாகவே கழிந்திருக்கும்.

இரண்டாவது விலை அண்டை வீட்டாருக்கு. அதே செயலியில் வேறு வேலை ஒன்று வரிசைக்கு வந்தால் ஹைபர்வைசர் தன் விழிப்பை உடனே கைவிடும். ஆதலின் பிறர் முறையை அது பறிப்பதில்லை. ஆயினும் இக்காலத்துச் செயலிகளில் ஓர் உட்கரு இரண்டு வேலைகளை ஒருங்கே தாங்குவதுண்டு. அவற்றுள் ஒன்று வெறுமனே விழித்திருந்தாலும் உட்கருவின் உறுப்புக்களைப் பங்குகொள்ளும். மற்றொன்றின் விரைவு குறையும். எல்லா உட்கருக்களும் விழித்திருந்தால், ஒன்று மட்டும் தன் இயல்பான வேகத்தை மீறி ஓடுதற்குரிய மின்னளவும் வெப்ப அளவும் மிஞ்சுவதில்லை.

மூன்றாவது விலை கணக்கில் வரும் மயக்கம். செயலி நூற்றுக்கு நூறு உழைக்கின்றது என்று அளவுகோல் காட்டினால், ‘கணினி போதவில்லை, புதியது வாங்குவோம்’ என்று பொறுப்பாளர் கருதக்கூடும். உண்மையில் உழைப்பு பத்தும் விழிப்பு தொண்ணூறுமாக இருக்கலாம்.

இம்மூன்று விலைகளையும் கொடுப்பவர் யார் என்று நோக்குக. விரைவின் பயனைப் பெறுபவர் குடியிருப்பவர். மின்சாரக் கட்டணத்தைச் செலுத்துபவர் வீட்டுக்காரர். சூட்டைப் பொறுப்பவர் அண்டை வீட்டார். நிரலை எழுதியவரோ இவர்களுள் ஒருவரையும் கண்டறியாதவர். எங்கோ இருந்து எழுதும் அவர், எல்லார்க்கும் ஏற்ற ஓர் எண்ணைத் தாமே நிலைநாட்டிவிட்டால், அவ்வெண் எவர்க்கேனும் தவறாகவே இருக்கும். ஆதலின் நடுத்தரமான ஓர் எண்ணை இயல்பாக வைத்து, அதனை மாற்றும் உரிமையை நிலைமை அறிந்தவரிடம் விடுவதே நீதியாகும். அமைத்துக்கொள்ளத்தக்க அளவு என்பதன் உட்பொருள் இதுவே.

ஆயினும் உரிமை கொடுத்தால் மட்டும் போதாது. பத்து முனைகளைத் திருகத் தந்து, எதனைத் திருகினால் யாது விளையும் என்று கூறாவிடின், அது கண்கட்டிக் காட்டில் விட்டதை ஒக்கும். நல்ல அளவு, தானே நடுத்தரமாய்ப் பழகிக்கொள்ள வேண்டும். தேவையுற்றோர்க்கு மட்டும் மாற்ற எளிதாய் இருக்க வேண்டும். மாற்றியதன் பயனை அளந்தறியவும் வழி இருக்க வேண்டும்.

9. அளந்தறியும் முறை

கே.வி.எம். அவ்வழியையும் தந்துள்ளது. எத்தனை முறை விழித்துக் காக்க முயன்றது, அவற்றுள் எத்தனை முறை விழிப்பின்போதே அழைப்பு கிட்டியது, எத்தனை முறை உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டது என்று தனித்தனியே எண்ணி வைக்கின்றது. முயற்சி மிகுந்து வெற்றி அருகியிருந்தால் விழிப்பு வீண் என்றும், முயன்றபோதெல்லாம் வெற்றி கிட்டினால் விழிப்புப் பயன்படுகின்றது என்றும் அறியலாம்.

நம் மாணாக்கர் இதனைத் தம் கணினியிலேயே சோதிக்கலாம். லினக்ஸ் உள்ள சாதாரண மடிக்கணினியில் மெய்நிகர் கணினி ஒன்றை நிறுவுக. வெளியிலிருந்து அதற்குச் சிறு செய்தி அனுப்பி விடை பெறும் நிரலை ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, ஒவ்வொன்றின் நேரத்தையும் குறித்துக்கொள்க. பின் உச்சவரம்பைச் சுழியாக்கி அதே சோதனையைச் செய்க. பின் 50, 200, 1,000 மைக்ரோ விநாடியாக்கிச் செய்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. சராசரியை மட்டும் நோக்கி அமையற்க. நூற்றில் ஒன்றாக வரும் மிக நீண்ட தாமதத்தையும் நோக்குக, பயனாளரின் பொறுமையைச் சோதிப்பது அதுவே ஆதலின். ஒவ்வொரு நிலையிலும் மின்கலம் எத்துணை விரைவில் இறங்குகின்றது என்பதையும் அருகே எழுதிவைக்க. இவ்விரண்டு நிரல்களையும் ஒரு தாளில் வரைந்து பார்த்தால், விரைவும் சிக்கனமும் ஒன்றையொன்று எங்ஙனம் இழுக்கின்றன என்பது நூல் பலவற்றைக் கற்றலினும் தெளிவாக விளங்கும்.

10. முடிவுரை

இத்தகைய ஆராய்ச்சி பெருநகரத்தார்க்கே உரியதென்று நம் பக்கத்து இளைஞர் எண்ணி ஒதுங்குதல் வேண்டா. 2011-ஆம் ஆண்டு முதல் தென்காசிக்கு அருகேயுள்ள மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்கி வருகின்றது. குற்றாலச் சாரல் வீசும் சிற்றூரிலிருந்து உலகெங்கும் வழங்கும் மென்பொருள் எழுதலாம் என்பதற்கு அது கண்கண்ட சான்று. லினக்ஸ் கெர்னலோ எவரும் படிக்கவும் திருத்தம் அனுப்பவும் திறந்து கிடக்கின்றது. யாம் மேலே விளக்கிய விதியின் உயிர்ப்பகுதி சில பத்து வரிகளுக்குள் அடங்குவது. ஆங்கிலமும் சி மொழியும் ஓரளவு கற்ற மாணவன் ஒருவன், பொறுமையோடு அமர்ந்தால் ஒரு வாரத்தில் அதனைப் படித்து உணரலாம்.

ஆலங்குளத்திலிருந்து மேற்கே நோக்கினால், செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றில் சுழலும் காற்றாலைகளைக் காண்கின்றோம். அக்காற்று ஆண்டு முழுதும் வீசுவதன்று. வீசும் காலத்திற் பெறும் மின்சாரம் அருமையானது. அம்மின்சாரம் உழவனின் மோட்டாரையும் இயக்கவேண்டும். பீடி சுற்றும் தாயின் வீட்டு விளக்கையும் எரிக்கவேண்டும். எங்கோ ஒரு கூடத்தில் இரவும் பகலும் ஓடும் கணினிகளையும் தாங்கவேண்டும். சும்மாயிருக்கும் செயலி விழித்திருக்கும் ஒவ்வொரு மைக்ரோ விநாடியும் அப்பொதுச் சொத்திலிருந்தே எடுக்கப்படுகின்றது. பயன் கருதி எடுத்தால் குற்றமில்லை. அறியாமல் எடுத்தால் வீண். எவ்வளவு எடுக்கின்றோம் என்பதை அறிந்து, வேண்டிய அளவே எடுக்குமாறு அமைத்துக்கொள்ளும் முறையைக் கற்பது, கணினி பயிலும் மாணவர் ஒவ்வொருவர்க்கும் கடமை என்று கூறி இதனை முடிக்கின்றோம்.